பழையதன் அருகே புதியது: அசிலோமார் வளாகம் தரும் கட்டடக்கலைப் பாடம்

எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் "நம் பள்ளிக் கட்டடம்" என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். "எங்கள் பள்ளிக் கட்டடம் பெரியது; அழகானது; அதில் பன்னிரண்டு வகுப்பறைகள் உள்ளன" என்பதோடு பெரும்பாலான விடைகள் முடிந்துவிடும். நாள்தோறும் ஏழு மணி நேரம் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தன் வகுப்பறை ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லத் தெரியாது. தாழ்வாரம் ஏன் இருக்கிறது, கூரை ஏன் சரிவாக இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். இது அவர்கள் குற்றமில்லை. பாடநூலில் கட்டடக்கலை என்ற சொல் பல்லவர், சோழர், நாயக்கர், முகலாயர் ஆகிய பெயர்களோடுதான் வருகிறது. தான் உட்கார்ந்திருக்கும் அறையும் கட்டடக்கலைதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதைச் சொல்ல வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது. நம் பள்ளிகள் பலவற்றில் ஓட்டுக் கூரையும் தடித்த சுவரும் கொண்ட பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில் புதிய வகுப்பறைகள் எழுகின்றன. புதியது பழையதோடு எப்படி நிற்க வேண்டும்? பழையதைப் போலவே இருக்க வேண்டுமா? முற்றிலும் வேறாக இருக்கலாமா? நடுவில் நிற்கும் வேப்பமரம் யாருடையது? இந்தக் கேள்விகளை மாணவர்களோடு பேச நமக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள அசிலோமார் என்ற கடற்கரை வளாகம் அதற்குப் பொருத்தமானது. அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு கட்டடக் கலைஞர்கள் ஒரே மணல்மேட்டில் கட்டினார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதவில்லை. ஆனாலும் இருவர் கையெழுத்தும் ஒரே ஏட்டில் பொருந்தி நிற்கின்றன.

இடமும் பெயரும்

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவில் மான்டரே தீபகற்பம் பசிபிக் பெருங்கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் முனையில் பசிபிக் குரோவ் என்ற சிற்றூர் உள்ளது. அதன் கரையோரத்தில் வெண்மணல் மேடுகள். அவற்றுக்குப் பின்னால் பைன் மரக்காடு. கடல் நீர் குளிர்ந்தது. கோடையிலும் மூடுபனி இறங்கும், காற்று ஓயாது.

இளம் கிறித்தவப் பெண்கள் சங்கம் (ஒய்.டபிள்யூ.சி.ஏ.) 1913ஆம் ஆண்டு இங்கே ஒரு கோடைக்கால முகாம் வளாகத்தை அமைத்தது. பணிக்குச் செல்லும் பெண்களும் கல்லூரி மாணவிகளும் கூடிப் பேச, கற்க, ஓய்வெடுக்க ஓர் இடம் வேண்டும் என்பது நோக்கம். நில நிறுவனம் ஒன்று 30 ஏக்கர் நிலம் தந்தது. ஃபீபி ஆப்பர்சன் ஹெர்ஸ்ட் என்ற வள்ளல் பெண்மணி துணை நின்றார். வளாகத்துக்குப் பெயர் வைக்க ஒரு போட்டி நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவி ஒருவர் சொன்ன பெயர் வென்றது. ஸ்பானிய மொழியில் ‘அசிலோ’ என்றால் புகலிடம். ‘மார்’ என்றால் கடல். கடலோரப் புகலிடம் என்ற பொருளில் அசிலோமார் ஆயிற்று. ஒரு மாணவி வைத்த பெயர் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது என்பதை நம் மாணவிகளுக்குச் சொல்லலாம்.

ஜூலியா மார்கன் கட்டியவை

வளாகத்தை வடிவமைக்கும் பணி ஜூலியா மார்கன் என்பவரிடம் வந்தது. அவர் 1872இல் பிறந்தவர். ஓக்லாந்து நகரில் வளர்ந்தவர். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1894இல் கட்டுமானப் பொறியியல் பட்டம் பெற்றார். பாரிசின் புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியில் கட்டடக்கலைப் பிரிவில் தேறிய முதல் பெண் அவர்தான். 1904இல் கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞராக உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. தம் வாழ்நாளில் 700க்கும் மேற்பட்ட கட்டடங்களை வடிவமைத்தார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் உயரிய விருதான தங்கப் பதக்கத்தை அவருக்கு 2014இல்தான் வழங்கியது. அப்போது அவர் மறைந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வகுப்பில் பேச்சு தானாக எழும்.

அசிலோமாரில் 1913 முதல் 1928 வரை மார்கன் பல கட்டடங்களை எழுப்பினார். நுழைவாயில் கல்தூண்கள், கூடுமிடம், சிற்றாலயம், உணவுக்கூடம், தங்கும் விடுதிகள், கடைசியாக மெரில் அரங்கம் எனப் பதினைந்து ஆண்டுகள் பணி தொடர்ந்தது. அவற்றில் பதினொன்று இன்றும் நிற்கின்றன.

அவர் பின்பற்றிய முறைக்குக் ‘கலை, கைவினை இயக்கம்’ என்று பெயர். அருகில் கிடைக்கும் பொருளைக் கொண்டு கட்டு, பொருளை மறைக்காதே, கைவேலைக்கு மதிப்புக் கொடு என்பவை அந்த இயக்கத்தின் கொள்கைகள். சுவரின் அடிப்பகுதியும் தூண்களும் உள்ளூர்க் கல்லால் ஆனவை. மேலே ரெட்வுட் மரம். அந்த மரம் எளிதில் உளுத்துப்போகாது. வண்ணம் பூசாமல் விட்டாலும் கடற்காற்றைத் தாங்கும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையைத் தாங்கும் உத்திரங்களும் சட்டங்களும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். எடை எதன் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைப் பாடம் நடத்தாமலே அந்தக் கூரை காட்டிவிடும். கூடுமிடத்தில் பெரிய கல் அடுப்பு. குளிர்ந்த ஊரில் மனிதர்கள் கூடுமிடம் நெருப்பைச் சுற்றித்தானே அமையும்! சிற்றாலயத்தின் முன்புறத்தில் ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது. அதன் வழியே தெரிவது மணல்மேடும் கடலும்.

1956இல் எழுந்த கேள்வி

1930களின் பொருளாதாரப் பெருமந்தம் அந்தச் சங்கத்தையும் பாதித்தது. வளாகத்தை விற்றுவிட முடிவு செய்தார்கள். வாங்க ஆள் கிடைக்கவில்லை. குத்தகைக்குப் போனது; போர்க்காலத்தில் படைவீரர் குடும்பங்கள் தங்கின. 1950களில் நிலம் தனியாருக்குப் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தபோது ஊர் மக்கள் குழு அமைத்து வாதாடினார்கள். 1956இல் கலிபோர்னியா அரசே வளாகத்தை வாங்கி மாநிலப் பூங்காவின் பகுதியாக்கியது. புகலிடம் பொதுச்சொத்தானது.

பொதுச்சொத்து என்றால் வருவோர் எண்ணிக்கை கூடும். கூடுதல் அறைகள் வேண்டும். இங்கேதான் நம் பள்ளிகளில் எழும் அதே கேள்வி எழுந்தது: மார்கனின் கட்டடங்களுக்குப் பக்கத்தில் எதைக் கட்டுவது?

அன்று இரண்டு எளிய வழிகள் இருந்தன. முதல் வழி, நகல் எடுப்பது. 1913ஆம் ஆண்டுக் கட்டடத்தைப் போலவே 1959இலும் கட்டுவது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் எது பழையது, எது புதியது என்று வருங்காலத்துக்குத் தெரியாமல் போகும். அசலின் மதிப்பும் மங்கும். இரண்டாம் வழி, அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த நவீனத்துவப் பாணியில் கட்டுவது. தட்டைக் கூரை, கான்கிரீட், எஃகு, கண்ணாடி. அலங்காரம் கூடாது, பயன்பாடே வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது நவீனத்துவத்தின் அடிப்படை. 1919இல் ஜெர்மனியில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி அதன் முக்கிய ஊற்று. ஆனால் பெருநகரத்துக்கான கண்ணாடிப் பெட்டி ஒன்றை மணல்மேட்டில் வைத்தால், மரங்களின் நிழலில் பணிந்து நிற்கும் மார்கனின் விடுதிகள் என்ன ஆகும்?

வார்னெக்கி தந்த விடை

இந்தப் பணி ஜான் கார்ல் வார்னெக்கி என்பவரிடம் வந்தது. அவர் 1919இல் ஓக்லாந்தில் பிறந்தவர். மார்கன் வளர்ந்த அதே நகரம். தந்தையும் கட்டடக் கலைஞர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் குரோப்பியஸிடமே பயின்றார். ஆக, நவீனத்துவத்தை ஊற்றுக்கண்ணிலேயே கற்றவர். அதே வேளையில் மரத்தையும் மலைச்சரிவையும் மதித்துக் கட்டும் சான் பிரான்சிஸ்கோ வட்டார மரபில் வளர்ந்தவர். நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று: அவருக்கு நாடளவில் பெயர் வாங்கித் தந்த முதல் கட்டடம் ஒரு தொடக்கப்பள்ளி. 1951இல் மலைச்சரிவில், விரிகுடாவைப் பார்த்தபடி அமைந்த மீரா விஸ்டா பள்ளி அது.

1959 முதல் 1968 வரை அசிலோமாரில் அவர் பல விடுதித் தொகுதிகளைக் கட்டினார். அவை நவீனத்துவக் கட்டடங்கள்தாம், அதில் ஐயமில்லை. கோடுகள் நேரானவை. செதுக்கல் அலங்காரம் எதுவும் இல்லை. ஜன்னல்கள் மார்கன் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு அகன்ற கண்ணாடிகள். ஆனால் கட்டடங்கள் தாழ்வானவை. மரங்களின் தலைக்கு மேல் எழவில்லை. ஒரே பெரிய கட்டடமாக எழுப்பாமல் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து மணல்மேட்டின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி அமைத்தார். கூரைக்கு மெல்லிய சரிவும் அகன்ற இறவாரமும் கொடுத்தார். வெளிச்சுவர்கள் மரம், ஆங்காங்கே கல். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது காடும் மணலும்தான். கட்டடம் பிறகுதான் தெரியும்.

வார்னெக்கி இதே அணுகுமுறையைப் பின்னர் வாஷிங்டன் நகரிலும் கையாண்டார். வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெட் சதுக்கத்தில் பழைய வீடுகளை இடித்துவிட்டு அரசு அலுவலகங்கள் கட்டத் திட்டம் இருந்தது. அதிபர் கென்னடியும் அவர் துணைவியார் ஜாக்குலினும் அதை விரும்பவில்லை. 1962இல் வார்னெக்கியின் கருத்தைக் கேட்டார்கள். பழைய வீடுகளை அப்படியே விட்டு, அவற்றின் பின்னால் செங்கல் முகப்புடன் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களை எழுப்பும் திட்டத்தை அவர் தந்தார். சுற்றுப்புறத்தைப் படித்துவிட்டுக் கட்டுவது என்ற சிந்தனைக்கு அது முன்னோடியாகப் பேசப்படுகிறது.

ஒத்திசைவு எங்கிருந்து வருகிறது?

மார்கனும் வார்னெக்கியும் வெவ்வேறு பாணியினர். பிறகு எப்படி இருவர் பணியும் பொருந்துகிறது? நான் புரிந்துகொண்ட வகையில் விடை இதுதான்: வார்னெக்கி மார்கன் தந்த விடைகளை நகலெடுக்கவில்லை, மார்கன் கேட்ட கேள்விகளை மறுபடி கேட்டார். காற்று எங்கிருந்து வருகிறது? ஒளி எவ்வளவு வேண்டும்? தரை எப்படிச் சரிகிறது? இங்கே கிடைக்கும் பொருள் எது? வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார்? கேள்விகள் ஒன்றாக இருந்ததால் விடைகள் உறவினர்களைப் போல அமைந்தன. கண்ணாடித் தொழில்நுட்பமும் கட்டுமான முறையும் மாறியிருந்ததால் அவை ஒரே முகமாக இல்லை. ஒரு குடும்பத்தில் பாட்டியும் பேத்தியும் ஒரே சாயலாக இருந்தாலும் வேறு வேறு காலத்துப் பெண்கள்தானே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அசிலோமாரின் அகன்ற கண்ணாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு அதை நம் ஊரில் வைக்க ஆசைப்படக் கூடாது. அங்கே வெயில் அரிது. கண்ணாடி வழியாக வரும் வெப்பம் வரவேற்கத்தக்கது. நம் ஊர் வெயிலில் மேற்குப் பார்த்த அதே கண்ணாடி வகுப்பறையை அடுப்பாக்கிவிடும். நாம் கற்க வேண்டியது அந்த வடிவத்தை அல்ல, அந்த வடிவத்துக்கு இட்டுச் சென்ற கேள்விகளை. இந்த வேறுபாடு மாணவர்களுக்குப் புரிந்துவிட்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

மணலும் வளாகத்தின் ஒரு பகுதி

கட்டடம் மட்டும் ஒத்திசைந்தால் போதாது. அசிலோமாரின் மணல்மேடுகளில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ‘ஐஸ் பிளான்ட்’ என்ற சதைப்பற்றுள்ள படர்கொடி பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கி அழித்துவந்தது. மக்கள் மணல்மேட்டில் கண்டபடி நடந்ததும் சேதத்தைக் கூட்டியது. 1980களில் மாநிலப் பூங்காத் துறை அந்தக் கொடியை அகற்றி, உள்ளூர்ச் செடிகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டது. நடப்பதற்கு மணலுக்கு மேலே மரப்பலகைப் பாதை அமைத்தது. 1987இல் அசிலோமார் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

உயிரியல் ஆசிரியர்கள் இந்த இடத்தை வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். 1975 பிப்ரவரியில் பால் பெர்க் உள்ளிட்ட அறிவியலாளர்கள் கூட்டிய மாநாட்டில் ஏறத்தாழ 140 பேர் இங்கே கூடி, மரபணுக்களை இணைக்கும் ஆய்வுகளில் எந்தெந்தப் பாதுகாப்பு நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று விவாதித்தார்கள். மேல்நிலை வகுப்பில் மரபுப்பொறியியல் பாடம் நடத்தும்போது அந்த மாநாடு நடந்த இடத்தின் கதையை இரண்டு நிமிடம் சொல்லலாம்.

மறுபக்கமும் உண்டு

புதியது அடங்கியே நிற்க வேண்டும் என்பதை எல்லோரும் ஏற்பதில்லை. பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் ஐ.எம். பெய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடு 1989இல் திறக்கப்பட்டது. பழைய அரண்மனையின் நடுவே அது பளிச்சென்று வேறுபட்டு நிற்கிறது. கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்று அதுவே அந்த இடத்தின் அடையாளங்களுள் ஒன்று. "மாறுபாடே நேர்மை; பழையது பழையதாகவும் புதியது புதியதாகவும் தெரியட்டும்" என்பது இவர்கள் வாதம். "பணிந்து கட்டுவது கோழைத்தனமாகிவிடும்" என்றும் சொல்வார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் அசிலோமாரையும் லூவரையும் எதிரெதிரே வைத்து விவாதம் நடத்தலாம். விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்லத் தெரிய வேண்டும். அதுவே மதிப்பீட்டு அளவுகோல்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

கீழே உள்ள செயல்பாடுகளுக்குக் காகிதம், பென்சில், அளவு நாடா போதும். அசிலோமாரின் படங்கள் இணையத்தில் கிடைக்கும். திறன்பேசியிலோ திறன் வகுப்பறைத் திரையிலோ காட்டலாம்.

*3 முதல் 5ஆம் வகுப்பு வரை: தொட்டுப் பார், வரைந்து பார்.* பிள்ளைகளைப் பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். சுவரைத் தொட்டு வழவழப்பா, சொரசொரப்பா, குளிர்ச்சியா, சூடா என்று சொல்லச் சொல்லுங்கள். காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை. ஒரு ஜன்னல், ஒரு தூண், கூரையின் ஓரம் ஆகிய மூன்றை மட்டும் வரையச் சொல்லுங்கள். முழுக் கட்டடத்தையும் வரையச் சொன்னால் மலைக்கு நடுவே சூரியனோடு ஒரு வீட்டை வரைந்துவிடுவார்கள்!

*6 முதல் 8ஆம் வகுப்பு வரை: ஆறு கேள்விகள்.* குழுவுக்கு ஐந்து பேர். ஒவ்வொரு குழுவும் இரு கட்டடங்களையும் பார்த்து இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை எழுதட்டும்.

1. உயரம்: எந்தக் கட்டடம் உயரம்? அருகிலுள்ள மரத்தைவிட உயரமா, தாழ்வா?
2. கூரை: சரிவா, தட்டையா? மழைநீர் எங்கே விழுகிறது? வெயில் சுவரில் படுகிறதா?
3. பொருள்: எவை எவற்றால் கட்டப்பட்டது? அந்தப் பொருள் எங்கிருந்து வந்திருக்கும்?
4. திறப்பு: ஜன்னல்கள் எந்தத் திசையில்? காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறதா?
5. இடைவெளி: இரு கட்டடங்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது? அங்கே யார், எப்போது நிற்கிறார்கள்?
6. காலம்: இது எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று பார்த்தவுடன் தெரிகிறதா? எதை வைத்துச் சொல்கிறாய்?

ஐந்தாம் கேள்விக்குத்தான் சுவையான விடைகள் வரும். எங்கள் பள்ளியில் ஒரு குழு எழுதியது: "நடுவில் ஒன்றும் இல்லை. அங்கேதான் நாங்கள் சாப்பிடுகிறோம்." ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் நினைக்கும் இடத்தில் பிள்ளைகளின் ஒரு நாள் வாழ்வு பாதி நடக்கிறது.

*9, 10ஆம் வகுப்பு: அளந்து பார், திட்டமிடு.* கட்டடத்தின் உயரத்தை அதன் நிழலையும் ஒரு குச்சியின் நிழலையும் கொண்டு வடிவொத்த முக்கோண முறையில் கணக்கிடலாம். ஜன்னல்களின் மொத்தப் பரப்புக்கும் தரையின் பரப்புக்கும் உள்ள விகிதத்தை இரு கட்டடங்களுக்கும் கண்டு ஒப்பிடலாம். ஒரே நேரத்தில் இரு வகுப்பறைகளிலும் வெப்பமானி வைத்துக் குறிக்கலாம். பிறகு, "இந்த வளாகத்தில் மேலும் இரண்டு வகுப்பறைகள் கட்டுவதாக இருந்தால் எங்கே, எப்படிக் கட்டுவாய்?" என்று கேட்டு, ஒரு தாளில் அளவுப் படி வரைபடமும் ஐந்து வரிக் காரணமும் தரச் சொல்லலாம்.

*கடலோரப் பள்ளிகளுக்கு:* உப்புக்காற்றில் எந்தப் பொருள் எப்படி மாறுகிறது என்று கவனிக்கச் செய்யலாம். ஜன்னல் கம்பியின் துரு, சுவரின் உப்புப் பூப்பு, மரத்தின் நிற மாற்றம் எல்லாமே வேதியியல். கரையில் அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைத்திருப்பதைக் காட்டி, அசிலோமாரின் மணல்மேட்டுப் பணியை அங்கேயே நின்று சொல்லலாம்.

இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர் ஒரு கட்டடத்தைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்பதற்கு மேல் மூன்று வாக்கியங்களாவது சொல்ல வேண்டும். நகலெடுப்பதற்கும் ஒத்திசைவதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்க வேண்டும். தன் கருத்துக்கு அளவோ காரணமோ தர வேண்டும்.

வரைபடம் கூட்டத்துக்கு வரட்டும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பற்ற கட்டடத்தை அழகு கருதியோ பழமை கருதியோ வைத்திருக்க முடியாது. பிள்ளைகளின் உயிர் முதலில். விரிசல் விட்ட சுவரின் அருகே எந்தச் செயல்பாடும் வேண்டாம். பொறியாளர் இடிக்கச் சொன்னால் இடிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு அங்கே எது எழுகிறது என்பது நம் பேச்சுக்கு அப்பாற்பட்டது அல்ல.

எங்கள் பள்ளியில் கூடுதல் வகுப்பறை பற்றிய பேச்சு வந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மேற்சொன்ன முறையில் வரைந்த படங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். மூன்று வேண்டுகோள்கள் இருந்தன. தாழ்வாரம் வேண்டும், புங்கமரத்தை வெட்ட வேண்டாம், கூரை பழைய கட்டடத்தின் சரிவை ஒத்திருக்க வேண்டும். வந்திருந்த பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். கூரை வடிவம் ஒப்புதல் பெற்ற மாதிரி வரைபடப்படிதான் அமையும், அதை மாற்ற இயலாது என்றார். தாழ்வாரம் அந்த மாதிரியிலேயே இருக்கிறது என்று காட்டினார். மரத்தின் வேர் அடித்தளத்தைத் தொடாதபடி இடத்தைச் சற்றுத் தள்ளிக் குறிக்கலாம் என்றார், குறித்தும் கொடுத்தார். மூன்றில் ஒன்று மறுக்கப்பட்டது; ஒன்று கேட்காமலே இருந்தது; ஒன்று கிடைத்தது. ஏன் மறுக்கப்பட்டது என்ற காரணத்தையும் மாணவர்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள். என் பார்வையில் அது புங்கமரத்துக்கு நிகரான பயன்.

ஒரு வகுப்பறைக் கட்டடம் ஐம்பது ஆண்டுகளாவது நிற்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து போவார்கள். அது எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதோ பெரும்பாலும் ஒரே பிற்பகலில், நிலத்தில் சுண்ணாம்புத் தூள் தூவும்போது முடிவாகிவிடுகிறது. அந்தப் பிற்பகலுக்கு முன் நாமும் நம் மாணவர்களும் வளாகத்தை ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் கேட்க நம்மிடம் கேள்விகள் இருக்கும். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குள் ஒரு வகுப்பையாவது அளவு நாடாவோடு வெளியே அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் வரைந்ததைத் தூக்கிப் போடாமல் தேதியிட்டுப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். இன்று கட்டடம் வராவிட்டாலும் என்றாவது வரும். அப்போது அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்க ஒருவர் இருப்பார்.